முன் சக்கரம் இழுக்காத ஜீப்

ஏலத்தோட்ட முதலாளி சௌந்தரபாண்டியன் ஜீப்பில் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டார். "முன் டிஃபரன்ஷியலுக்கு லாக் போடு. சேத்துல ரெண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கணும், ரோட்டுல ஸ்டீயரிங் பூ மாதிரி திரும்பணும். முடியலேன்னா பட்டறையைக் காலி பண்ணு."

பட்டறை இருந்த இடம் அவருடையது.

மெக்கானிக் சன்னாசி அன்றைக்கு ஏழாவது வண்டியின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். "சேத்துக்கு எத்தனை தடவை போவீங்கய்யா?"

"வருசத்துக்கு ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் மாட்டிக்கிச்சு. ஆளுங்கதான் தள்ளுனாங்க."

"நீங்க இறங்கலையாய்யா?"

"நான் எதுக்குடா இறங்கணும்?"

சன்னாசி பெருமூச்சு விட்டு, முன் சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்பைத் துடைத்தான். கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது.

"லாக்கெல்லாம் வேணாங்கய்யா. இந்த ஹப்பைக் கையால திருப்பிவிட்டாத்தான் முன் சக்கரமே இழுக்கும். அதுக்கு வண்டியை விட்டு இறங்கணும்."