ஏசி ரூம் கதவு

இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா, கத்திரி வெயில்ல என்னைத் தார் ரோட்டுல செருப்பில்லாம நிக்க வைங்க. அத்தனையும் சத்தியம். நம்பாதவன் இப்பவே எழுந்து போவலாம். வெயில்லதான் போவணும், பாத்துக்க.

வேலூர்ப் பக்கம் மலை அடிவாரத்துல ஒரு மடம். சாமியாரு பேரு வேப்பங்கா சாமி. வாயத் தொறந்தா அவ்ளோ கசப்பு. சிஷ்யன் எத்திராஜு சாமிய விட மூத்தவன், கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். எல்லாருக்கும் விசில் ஊதினவன் கடைசியில இவருகிட்ட வந்து இறங்கிக்கினான்.

அந்த வருசம் அடிச்சது வெயிலில்ல, நெருப்பு. பறக்கிற காக்கா சுருண்டு விழுந்துச்சு. எத்திராஜு தம்பி முனிரத்தினம் ரோட்டுல நடந்து வந்தவன், தல சுத்தி ஒரு வீட்டுக் கதவத் தட்டியிருக்கான். உள்ள ஏசி ஓடிக்கினு இருந்துச்சு. யாரும் தொறக்கல. வாசப்படியிலயே போயிட்டான்.

சாவுக்கு அந்த வீட்டுக்காரரு மாலையோட வந்தாரு. "உங்க தம்பின்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா தொறந்திருப்போம்"னாரு. எத்திராஜு அந்த மாலையப் புடுங்கி அவரு மூஞ்சிலயே வீசினான்.

அன்னையிலிருந்து வெயிலக் கண்டா இவனுக்கு நடுக்கம். யாரோ ஒரு புண்ணியவான் சாமி ரூமுக்கு ஏசி மாட்டிக் குடுத்திருந்தாரு. சாமி அதுல படுக்கல. படுத்தது இவன். கதவிடுக்குல சாக்கு வேற அடைச்சுக்கினான். குளிரு ஓடிப் போயிடுமாம், கடன் வாங்கினவன் மாதிரி.

ஒரு நாள் உச்சி வெயில்ல சாமி கதவத் தொறந்தாரு.

"கதவு, கதவு! குளிரு போவுது சாமி!"

"போவட்டும். குளிர என்ன பஸ்ஸுலயா ஏத்திக்கினு போவப்போற?"

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த வெயில்ல சாவாம இருக்க என்ன வழி?"

"கொடத்த எடு. பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்களுக்குத் தண்ணி ஊத்தப் போறேன். வா."

"சாவாம இருக்க வழி கேட்டா, சாவறதுக்கு வழி காட்டறீங்களே!"

சாமி சிரிச்சாரு. கொடத்த அவரே தூக்கிக்கினு போயிட்டாரு. இவன் மறுபடியும் சாக்க அடைச்சான்.

கொஞ்ச நேரத்துல கதவு தட்டற சத்தம்.

"யாரு?"

பதிலில்ல.

"சாமி இல்ல. சாயங்காலம் வாங்க."

மறுபடியும் தட்டல். உள்ளங்கையால அடிக்கிற மாதிரி, மெதுவா.

"சொன்னா புரியாது? தொறந்தா குளிரு பூரா போயிடும்!"

கதவு மேல யாரோ சாஞ்சு, அப்படியே வழுக்கி உக்கார்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நகத்தால பலகையச் சுரண்டற சத்தம்.

அந்தக் குளிர்லயும் எத்திராஜுக்கு வேர்த்துக் கொட்டிச்சு. தம்பியும் இப்படித்தான் சுரண்டியிருப்பானா? வெளிய இருக்கறது அவனேதானா? தொறந்தா செத்தவன் நிப்பான். தொறக்கலன்னா உசுரோட இருக்கறவன் சாவான். எழுந்திருக்கப் பாத்தான், மறுபடியும் உக்காந்துட்டான்.

சுரண்டல் நின்னுபோச்சு.

அதுதான் அவனத் தூக்கி நிறுத்திச்சு. சாக்க உதைச்சுத் தள்ளிட்டுக் கதவத் தொறந்தான்.

வெக்கை மூஞ்சில அறைஞ்சுது. வாசப்படியில சாமி. மடியில தயிர்க்காரி பட்டம்மா, கண்ணு மேல சொருகிக் கெடக்கறா. பஸ் ஸ்டாப்புல விழுந்தவளத் தோள்ல போட்டுத் தூக்கியாந்திருக்காரு. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கினு அவருக்குக் குரலே வரல.

எத்திராஜு அவள உள்ள தூக்கினு போய் ஏசிக்குக் கீழ கெடத்தினான். துண்ட நனைச்சுக் கழுத்துல, அக்குள்ல வெச்சான். "பட்டம்மா, ஏ பட்டம்மா!" விசிறினான். கெஞ்சினான். ரொம்ப நேரம் ஒண்ணுமேயில்ல.

அப்புறம் அவ உதடு அசைஞ்சுது.

"யோவ் கண்டக்டரு... என் தயிர்க் கூடை எங்கய்யா?"

எத்திராஜு சிரிச்சான், உடனே அழுதான். சாமி கால்ல விழுந்தான்.

"தட்டினது நீங்கன்னு தெரியாது சாமி! தெரிஞ்சிருந்தா அப்பவே தொறந்திருப்பேன்!"

சாமி ஒரு மடக்கு தண்ணி குடிச்சாரு. குரலு லேசா வந்துச்சு.

"அந்த வீட்டுக்காரர் மேல வீசின மாலை இன்னும் இருக்குதாய்யா?"

கதவு தொறந்தே கெடந்துச்சு.

கத முடிஞ்சுது. எங்க எழுந்திருக்கறீங்க? கூலி எடுங்க. காசு வேணாம். நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டு ஏசி ரூம்ல எனக்கொரு தூக்கம். கதவத் தட்டுவேன். யாருன்னு மட்டும் கேக்காதீங்க.