வாய் மூடிய திரை

ஓட்டுக்கூரை மேல் ஆலங்கட்டி விழுவது போலிருக்கும் அந்தச் சத்தம். நாற்பது வருஷத்துக்கு முன் வீரபாகு டைப்ரைட்டிங் கற்ற இடத்தில், இருபது இயந்திரங்கள் ஒன்றாகப் பேசும். தட்டினால் உடனே பதில். வரி முடியப்போனால் மணி.

இந்தத் திரையோ இருபது நிமிஷமாக வாய் திறக்கவில்லை.

“எஸ்தர்! ஓடி வாம்மா! செத்துப்போச்சு!”

எஸ்தர் நடந்தே வந்தாள். கடலாய்வுக் கூடத்தின் கணினிகள் அவள் பொறுப்பு. வயது இருபத்தாறு. மூத்த ஆய்வாளரான அவருக்கோ அறுபது ஆகிறது. ஆனாலும் அந்த அறையில் அவள் குரு, அவர் சீடர்.

திரையில் ஓடியது, கடலில் கட்டிய மிதவைகள் அளந்த அலைகளை வைத்துப் புதுத் துறைமுகத்துக்காகப் போடும் கணக்கு. நிமிஷத்துக்கு ஒரு வரி. ஒன்பது நாளாக ஓடுகிறது, இன்று முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் ஓய்வு பெறுகிறார்.

அவர் கை மின் சுவிட்சின் மேல் இருந்தது.

“அணைச்சுப் போடவா?”

“போடலாம் சார். ஒன்பது நாளும் போயிரும்.”

சுட்டதுபோல் கையை எடுத்தார்.

“அப்போ கீபோர்டை மாத்து. எந்தக் கட்டையைத் தட்டினாலும் ஒண்ணும் விழலை.”

“எதையெல்லாம் தட்டினீங்க?”

“எல்லாத்தையும்!”

ஜன்னலோரம் அவருடைய ஆய்வு மாணவி மர்லியா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். சித்திரையில் ஒரு கூட்டத்தில் ஏதோ சொல்ல எழுந்தவளை வீரபாகு உட்காரவைத்துவிட்டார். அதிலிருந்து, கேட்டால் மட்டும் பதில்.

“திரை நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணினீங்க?” எஸ்தர் விடவில்லை.

“தொடவே இல்லைம்மா.”

“தொடவே இல்லையா?”

“இன்னிக்குத்தான் இது முன்னாடி உக்கார்ந்தேன், சேமிச்சேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சேமிக்கிறது எனக்குப் பழக்கம். நல்ல பழக்கம்.”

“கன்ட்ரோலும் எஸ்ஸுமா?”

“ஆமா. வேறெது?”

எஸ்தர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சார், கடிதம் எழுதுற இடத்துல அது சேமிப்பு. இங்கே அதுக்கு அர்த்தம் வேற.”

“என்ன?”

“வாயை மூடு.”

வீரபாகு திரையைப் பார்த்தார்.

“அப்போ சாகலையா?”

“வேலை பார்த்துக்கிட்டுதான் இருக்கு.”

“நான் தட்டினது?”

“எல்லாம் கேட்டுச்சு.”

“பின்னே ஏன் பதில் சொல்லலை?”

எஸ்தர் குனிந்து கன்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினாள்.

மடை திறந்தது. விட்டுப்போன இருபது வரியும் ஒரே மூச்சில் கொட்டின. எண்களுக்கு நடுவே, ஆங்கில எழுத்தில், அவர் தட்டிய தமிழும் வந்தது: எழுந்திரு. எழுந்திரு சனியனே. மூதேவி. உனக்கு என்ன கேடு. கடைசியில், தயவுசெய்து.

“ஓடுது! எஸ்தர், ஓடுது பார்!” நாற்காலி சரிய எழுந்து குதித்தார்.

ஜன்னலோரம் ஒரு சிரிப்பு வெடித்தது.

அந்தச் சிரிப்பை அவர் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. திரும்பினார். மர்லியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

“மர்லியா, அன்னிக்கு மூணாவது மிதவையைப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே.”

அவள் எஸ்தரைப் பார்த்தாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தாள்.

“அது கட்டியிருந்த இடத்தை விட்டு நகர்ந்திருச்சு சார். பங்குனிலேயே.”

“பங்குனிலேயா?”

“அதோட அலை உயரம் எல்லாம் தப்பு. இதைப் பாருங்க. இதையும்.”

சாயங்காலம் வரை அவள் நிறுத்தவில்லை.

மிதவையின் இடத்தைத் திருத்தி, கணக்கை முதலிலிருந்து ஓட்டினார்கள். மறுபடி ஒன்பது நாள். அது முடிந்த அன்று, ஓய்வு பெற்று ஐந்து நாள் ஆகியிருந்த வீரபாகு, வாசலில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.