மாடியில் குடியிருந்தவர்கள்

"அவங்க காலி பண்றாங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

வேலாத்தா அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குன்றின்மேல் அவருடைய மடம் என்பது ஓடு வேய்ந்த ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டும்தான். கோயிலுக்கு ஏறி வருகிற யாருக்கும் அங்கே மதியம் சோறு உண்டு.

"யாரு?"

"என் மாடியில குடியிருக்கானே, பிரோன். அசாம்காரன். அவனும் பொண்டாட்டியும் கைக்குழந்தையும். சனிக்கிழமை சாமானை எடுத்துக்கிட்டு மறுபடி மில் கொட்டகைக்கே போறாங்களாம்."

"போகட்டுமே."

"எப்படிம்மா போகட்டும்னு சொல்றீங்க?"

கீழே நூல்மில் ஊர். மில்லில் வேலை செய்ய வடகிழக்கிலிருந்து வந்து, மில் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள் முந்நூறு பேர். அவர்களில் ஒருவருக்கும் ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. முகத்தைப் பார்த்ததுமே "சைனாக்காரன்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். ஏழு வருடமாகச் சமத்துவக் குழு நடத்துகிற நாச்சிமுத்து, வீடுவீடாகக் கேட்டுச் சலித்து, கடைசியில் தன் மாடியையே கொடுத்திருந்தார். அவர்களுக்கு ஊருக்குள் கிடைத்த ஒரே வீடு அது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரங்க கூட்டம். நாப்பது பேர் வர்றாங்க. எத்தனை நாள் அலைஞ்சு சேர்த்திருக்கேன் தெரியுமுங்களா? பிரோனை மேடையேத்தி, 'இந்தா பாருங்க, என் வீட்டுல இருக்கான், என்ன கெட்டுப்போச்சு'ன்னு கேக்கலாம்னு இருந்தேன். அவனே போயிட்டா? 'பாத்தீங்களா, குடுத்தாலும் அவங்க இருக்க மாட்டாங்க'ம்பாங்க. அப்புறம் ஒருத்தனும் வீடு தரமாட்டான்."

"ஏன் போறாராம்?"

"கேட்டா சிரிக்கிறான்."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

நாச்சிமுத்து கூடத்தில் நடந்தார். சுவர் வரைக்கும் போனார். திரும்பினார். மறுபடி போனார்.

"நான் என்ன குறை வெச்சேன்? நீங்களே சொல்லுங்க. தண்ணி எப்பவும் திறந்துதான் விட்டிருக்கேன். தீபாவளிக்கு எங்க வீட்டுல செஞ்சது அத்தனையும் மாடிக்குப் போச்சு. யார் வந்தாலும் முதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போறேன். இவங்க அழுக்குன்னு ஊர்ல பேசறாங்கல்ல? அதனால சமையக்கட்டைத் திறந்தே காட்டிருவேன். பாத்திரமெல்லாம் எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்கன்னு. காலேஜ் பிள்ளைங்க வந்தாங்க. பேப்பர்காரங்க வந்தாங்க. பக்கத்து ஊர்க் குழு ஒரு வேன் நிறைய வந்தாங்க. ஷிப்ட் முடிச்சுத் தூங்கிட்டிருந்தாலும் எந்திரிச்சு, சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பான். ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை."

"சாப்பிட்டீங்களா?"

"பசிக்கலைங்கம்மா."

"உட்காருங்க."

அம்மா இலை போட்டார். சோறும் தட்டைப்பயறுக் குழம்பும் பரிமாறினார். நாச்சிமுத்து கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் உருண்டையைப் பிசைந்தார்.

அம்மா வாசலுக்குப் போனார். கோயிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் உள்ள வாங்க. இவரைப் பாருங்க."

ஏழெட்டுப் பேர் வந்து இலையைச் சுற்றி நின்றார்கள்.

"யாருங்க இவரு?" என்றார் ஒரு பெரியவர்.

"மில் ஊர்க்காரர். அந்த ஊர்க்காரங்களை என்னென்னமோ சொல்றாங்க. நம்பாதீங்க. இவர் கையைக் கழுவிட்டுத்தான் உட்கார்ந்தார். நானே பாத்தேன்."

நாச்சிமுத்து சிரித்துவைத்தார். இடது கையை நெஞ்சில் வைத்து வணக்கம் மாதிரி ஒன்று செய்தார்.

"அட, நம்மளாட்டமேதான் பிசையறார்," என்றாள் ஒருத்தி.

"சிந்தாம சாப்பிடறார் பாருங்க," என்றார் அம்மா.

ஒரு இளைஞன் போனை எடுத்தான். "அண்ணா, கொஞ்சம் நிமிருங்க. அந்த உருண்டையை வாய்கிட்டக் கொண்டு போங்க. ஆங், அப்படியே!"

நாச்சிமுத்து நிமிர்ந்தார். உருண்டை கையிலேயே இருந்தது.

முதல் கூட்டம் போவதற்குள் அம்மா இன்னொரு கூட்டத்தைக் கூட்டிவந்தார். மறுபடி கை கழுவிய கதை. மறுபடி போட்டோ. ஒரு கிழவி குனிந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், நல்ல மனுசன்தான் போல," என்றாள்.

குழம்பு ஆறிவிட்டது.

அம்மா நாச்சிமுத்துவின் தோள்பையை எடுத்து ஜிப்பைத் திறந்தார். மடித்த துண்டு ஒன்றையும் பிரஷர் மாத்திரை அட்டையையும் எடுத்து உயர்த்திக் காட்டினார். "பைக்குள்ளயும் எவ்வளவு சுத்தம், பாருங்க."

"பையைத் தொடாதீங்கம்மா!"

"உங்களுக்கு நல்ல பேருதானே வாங்கித் தர்றேன்?"

யாரோ சிரித்தார்கள். நாச்சிமுத்து எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

"மனுசனை ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க விடமாட்டீங்களா? எல்லாரும் வெளிய போங்க!"

வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். அம்மாவும் அவர்களோடு போய், வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்.

நாச்சிமுத்து இலைமுன் நின்றார். விரல்களில் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

கதவுக்கு அப்பாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அவங்க மாடிக்கு வந்து எத்தனை நாளாச்சுங்க?"

அவர் விரலில் ஒட்டிய பருக்கைகளை ஒவ்வொன்றாக உரித்து இலையில் போட்டார்.

"பதினாலு மாசம்," என்றார் நாச்சிமுத்து.