சத்தம் மாறும் இடம்

வேதமுத்து பல வருடம் கிராமத்தில் மருத்துவம் பார்த்தவர். தலை நரைத்த பிறகு ஆராய்ச்சி படிக்க வந்தார். அவருக்கு ஆசிரியையாக வாய்த்த மரகதவல்லி, அவரைவிட மிகவும் இளையவர். அதில் இருவருக்குமே சங்கடம் இல்லை.

மறதி நோய் வந்தவர்களின் மூளை, எதிர்பாராத சத்தத்துக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. தலையில் கம்பிகள் கோத்த தொப்பி. காதில் ஒரே மாதிரி டிங், டிங், டிங். நடுவில் எப்போதாவது ஒரு டொங். திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். மூளை அந்த டொங்கைப் பிடித்திருந்தால், திரையில் உள்ள கோட்டில் சிறு பள்ளம் விழும்.

அன்று வந்தவர் பலவேசம். லாரி ஓட்டியவர். இப்போது மனைவியின் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. பேச்சும் நின்றுபோயிருந்தது.

சோதனை முடிந்தது. மனைவி சண்முகவடிவு, அவர் முடியில் ஒட்டியிருந்த பசையை ஈரத்துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டரய்யா, நான் பேசுறது இவுகளுக்குக் கேக்குதா?"

"ஏம்மா கேக்குறீங்க?"

"நானும் பேசிப் பேசிப் பாத்தேன். செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருந்துச்சு. இப்பல்லாம் பேசுறதே இல்ல. சோத்த வைப்பேன், தட்ட எடுப்பேன். அவ்வளவுதான்."

வேதமுத்து திரையைப் பார்த்தார். பள்ளம் சின்னது. தாமதமாக விழுந்திருந்தது. ஆனால் இருந்தது.

எல்லாம் புரிகிறதம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. "டீ குடிச்சிட்டு இருங்க, வந்துடுறேன்" என்று பக்கத்து அறைக்குப் போய், அந்தம்மா சொன்னதை மரகதவல்லியிடம் சொன்னார்.

"மேடம், அவருக்கு உள்ளுக்குள்ள எல்லாம் தெரியுதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லலாமா?"

மரகதவல்லி நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தவர் தலையில் ஒரு தொப்பியை மாட்டினார். காதில் அதே டிங், டிங்கை ஓடவிட்டு, அன்றைய பேப்பரைக் கையில் கொடுத்தார்.

"படிங்க. சத்தத்தக் கண்டுக்காதீங்க."

வேதமுத்து படித்தார். சோதனை முடிந்ததும் ஆசிரியை கேட்டார்.

"என்ன படிச்சீங்க?"

"தாமிரபரணியில தண்ணி திறந்துவிட்டத."

"சத்தம் எப்பெப்ப மாறுச்சு?"

"கவனிக்கலியே."

மரகதவல்லி திரையை அவர் பக்கம் திருப்பினார். பள்ளம் நன்றாக விழுந்திருந்தது.

வேதமுத்து அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தார்.

"மூளை பிடிச்சிருக்கு. எனக்குத் தெரியல."

"ஆமா."

"அப்ப இத வச்சு, அவருக்குத் தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது."

"ஆமா."

"அந்தம்மா எதிர்பாக்குற பதில் இது இல்லியே மேடம்."

"இருக்கிறத மட்டும் சொல்லுங்க."

வேதமுத்து சண்முகவடிவிடம் திரும்பிப் போய் இருப்பதைச் சொன்னார். சத்தம் மாறினால் மூளை பிடிக்கிறது. பேச்சு புரிகிறதா என்பது இதில் தெரியாது.

சண்முகவடிவு ஈரத்துணியை மடித்து வைத்தார்.

"சத்தம் உள்ள போகுதுல்லா?"

"போகுதும்மா."

"அது போதும். புரியுறதும் புரியாததும் அவுக பாடு."

கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்து, கையைப் பிடித்து எழுப்பினார்.

"கேட்டீகளா, சின்னவன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறானாம். பச்சையாம். நான் வேண்டாம்னுட்டேன். அப்புறம் நம்ம தெரு முக்கு பலசரக்குக் கடை மகளுக்குக் கல்யாணம்..."

பலவேசம் மின்விசிறியைப் பார்த்தபடி கூடவே நடந்தார். அந்தம்மாவின் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டது. இடையில் ஒருமுறை அந்தம்மா தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டார்.

வாசலில் நின்ற வேதமுத்துவும் சிரித்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆசிரியையின் அறைக்குத் திரும்பினார்.

"மேடம், கடைசி வரைக்கும் அவருக்கு ஒண்ணுமே புரியாமப் போனா?"

மரகதவல்லி கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் அந்த வீட்டுல பேச்சு நின்னுபோனவங்க ரெண்டு பேர், டாக்டர். இன்னைக்கு ஒருத்தர்தான்."