பத்தாவது கீறல்

நெட்டைக்கையன் என்ற குரங்குக்குக் காலையிலிருந்தே வலது தோள் வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்று பந்தெறிய விடமாட்டார்களே!

கோடை வந்தால் மருதங்காட்டுக்கே பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிடும். விளாங்காய்தான் பந்து. ஓர் ஆட்டத்தின் ஒன்பது சுற்றையும் ஒருவனே எறிந்து முடித்தால், பெரிய மருத மரத்தின் பாதி உயரத்தில் அவன் பெயருக்கு ஒரு கீறல் போடுவார்கள். இந்தக் கோடையில் நெட்டைக்கையனுக்கு ஒன்பது கீறல். பத்து இதுவரை எவனும் வாங்கியதில்லை. இன்று கடைசி ஆட்டம், அக்கரை நரிகளோடு.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நடுவர் கொக்கு ஒரு கேள்வி கேட்கும். அது அங்கே வழக்கம்.

"எறியப் போறது யாரு?"

"நான்தான்!" என்றான் நெட்டைக்கையன்.

ஐந்தாம் சுற்று முடிந்ததும், அவன் எறியும் பந்தைப் பிடிக்கும் கரடி மொந்தன் அவனருகே வந்தான். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேய், நீ எறிஞ்சா என் கை தீயா எரியும். இன்னைக்கு எரியவே இல்லையே! தோளுக்கு என்னடா?"

"ஒண்ணுமில்லை! மூச்சு விடாதே!"

கிளையிலிருந்த செவ்வாலி என்ற மலையணில் எட்டிப் பார்த்தாள். அவளும் பந்தெறிபவள்தான். கோடை முழுக்க ஒரு சுற்றுகூடக் கிடைக்கவில்லை, பாவம்.

"எங்கிட்டக் கொடுங்கண்ணே! நாம ஆறு ஓட்டம் முன்னால இருக்கோம். பயமே இல்லை!"

"அப்புறம் என் பத்தாவது கீறலை நீயா கொண்டுவந்து தருவே?" என்று பல்லைக் காட்டினான் நெட்டைக்கையன்.

மொந்தன் நடுவரைத் திரும்பிப் பார்த்தான். கொக்கிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் இவன் ஆயுசுக்கும் பேசமாட்டானே! பந்து பிடிக்கத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"எறியப் போறது யாரு?"

"நான்தான்!"

எட்டாம் சுற்றில் நெட்டைக்கையன் வலது கையை இடது கையால் தூக்கிவிட்டுக்கொண்டான். ஒன்பதாம் சுற்றில் கடைசி நரி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு வீசினான். தோளுக்குள் 'மடக்' என்றது. நரி மட்டையைச் சுழற்றித் தவறவிட்டது; ஆட்டம் முடிந்தது.

"பத்து!" என்று காடே கூத்தாடியது. கொக்கு பறந்து போய் அலகால் கீறிவிட்டு வந்தது.

பொழுது சாய்ந்தது. புதருக்குள் சிறுத்தை உறுமியது. குரங்குகளெல்லாம் சடசடவென்று மரமேறிவிட்டன. நெட்டைக்கையன் தாழ்ந்த கிளைக்குத் தாவினான். வலது கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை. மறுபடி தாவினான். பொத்தென்று விழுந்தான்.

"மொந்தா! கை தூக்க வரலைடா!"

மொந்தன் ஓடி வந்தான். "ஏறுடா முதுகுல!"

கரடி மூச்சிரைக்க மருத மரத்தில் ஏறியது. கீழே வந்து நின்ற சிறுத்தை கரடியின் நகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆனால் நாளைக்கும் வருமே! பாதி வழியில் அந்தப் பத்துக் கீறல்கள் வந்தன.

"அதைப் பார்க்காதே, என்னை இறுக்கிப் பிடி!" என்றான் மொந்தன்.

"ஒரு கையாலதான் பிடிக்க முடியுது" என்று அழுதான் நெட்டைக்கையன்.

அடுத்த கோடையில் செவ்வாலி எறிந்தாள். நெட்டைக்கையன் தினமும் மொந்தனின் முதுகிலேறித்தான் மரத்துக்குப் போனான்.

ஒருநாள் பெருமைக்காக, ஆயுள் முழுக்க வேண்டிய கையை இழந்துவிடக் கூடாது.