அடிக்குப் போன குஞ்சுகள்

கழிமுகத்துக்குப் பக்கத்தில் செல்லக்கனி என்றொரு பெண் கொடுவா மீன்குஞ்சு வளர்த்துவந்தாள். நாற்பது வயதிருக்கும். அவளிடம் ஏதோ ஞானம் இருக்கிறது என்று பத்துப் பேர் நம்பினார்கள். காலையில் அவள் குஞ்சுகளுக்குத் தீனி போட்டுவிட்டு உட்காரும்போது அவர்களும் எதிரே போய் உட்காருவார்கள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் சும்மா இருப்பாள்.

அந்தப் பத்துப் பேரில் மூத்தவர் தவசிமுத்து. அறுபத்து மூன்று வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவள் பேச்சைக் கேட்டவர், அடுத்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து அவள் கொட்டகையை ஒட்டிக் குடிசை போட்டுவிட்டார். இரண்டு வருஷம் ஒரு காலையைக்கூடத் தவறவிடவில்லை.

மூன்றாம் வருஷம் என்னவோ ஆயிற்று. விடிந்தால் கால் அந்தப் பக்கம் போக மறுத்தது. போய் உட்கார்ந்தாலும் எப்போது எழுந்திருக்கலாம் என்றிருந்தது. அவள்மேல் கோபமில்லை, சந்தேகமும் இல்லை. கோவில்பட்டியிலிருந்து மகள் வேறு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனால் துரோகமா? இருந்தால் வேஷமா? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன் மனசு எங்கேயோ கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் செல்லக்கனியின் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்ததாகச் செய்தி வந்தது.

"ரெண்டு நாள்ல வந்துருவேன். நாலாம் தொட்டிய நீங்க பாத்துக்கோங்க வாத்தியாரே."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"தொட்டி கழுவத் தெரியுமில்ல? அது போதும்."

கழுவும் விதத்தைக் காட்டிக்கொடுத்தாள். கொட்டகை இருட்டு. தொட்டியின் உட்புறமும் கறுப்பு. ஓரத்தில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் குஞ்சுகளெல்லாம் திருவிழாக் கூட்டம்போல் அதன் கீழே வந்து மொய்க்கும். செத்ததும் நோஞ்சானும் அடியில் கிடக்கும். அடித்தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சிக் கழியில் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இரண்டு நாள் எல்லாம் சரியாக நடந்தது. அவள் வரவில்லை. பிரசவம் சிக்கலாகிவிட்டதாம்.

மூன்றாம் நாள் விளக்கை மாட்டினார். பாதிக் குஞ்சுகள்தான் வந்தன. நான்காம் நாள் கைப்பிடி அளவுக்குத்தான் வந்தன. மற்றதெல்லாம் அடியில், எதிர் மூலையில். தவசிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. இன்னொரு விளக்கை ஓடிப்போய் எடுத்துவந்து மாட்டினார். மூலைக்கூட்டம் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு இருட்டுக்குள் புகுந்தது. தீனி தப்பா? நோயா? நோயென்றால் மற்ற தொட்டிகளுக்கும் பரவிவிடுமே?

வழக்கம் வழக்கம்தானே. குழாயை எடுத்தார்.

ஐந்தாம் நாள் காலையில் செல்லக்கனி வந்தாள்.

"என்ன குழந்தைம்மா?"

"பொண்ணு. தொட்டி எப்படி இருக்கு?"

"ஏதோ சீக்கு வந்துருச்சும்மா. நல்லதுகள மட்டும் காப்பாத்திட்டேன்."

அவள் விளக்கின் கீழே குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுங்க கடைசியாப் பொரிஞ்சதுங்க. வளராம நிக்குது. மத்தது?"

"அடியில கெடந்துச்சு. கழியில விட்டுட்டேன்."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

அவள் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உறிஞ்சும்போது அதுங்க அசைஞ்சுச்சா?"

தவசிமுத்து யோசித்தார். "ஓடுச்சும்மா. நல்லா வேகமா ஓடுச்சு."

"ம். இந்த வருஷம் கழியில வலை போடுறவனுக்கு யோகம்தான்."

"என்னம்மா சொல்றீங்க?"

"பொரிஞ்சு மூணு வாரம் நெருங்குச்சுன்னா அதுங்களுக்கு வெளிச்சம் ஆகாது. அடியத் தேடிப் போயிரும். நல்லா வளந்ததுதான் முதல்ல போகும்."

"அதச் சொல்லியிருக்கலாமே!"

"அதுக்குள்ள வந்துருவோம்னு இருந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அவள் எழுந்து இரண்டு விளக்குகளில் ஒன்றை அணைத்தாள். அவர் அணைந்த விளக்கையே பார்த்தார்.

"அப்ப முதல்ல விழுந்தடிச்சு விளக்குக்கு வந்துச்சே, அது பொய்யா?"

"யாரு பொய்னு சொன்னது? பொரிஞ்ச புதுசுல வெளிச்சம் இல்லாட்டி அதுங்களுக்குத் தீனி தெரியாது. பட்டினியா செத்துரும்."

"இப்ப?"

"இப்ப வெளிச்சத்துல நின்னா பெரிய மீன் கண்ணுல பட்டுரும்."

"அதே விளக்குதானேம்மா?"

"அதே விளக்குதான்."

தவசிமுத்து வெறிச்சோடிக் கிடந்த தொட்டியைப் பார்த்தார். நாலாயிரம் குஞ்சு இருந்த தொட்டி. திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. அதுவே தாங்கமுடியாமல், ஒரு மாதமாக வாய்வரை வந்து நின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"இது மட்டும் இல்லம்மா. காலையில உங்க முன்னால உக்காரவே மனசு வரமாட்டேங்குது. ஏன்னு எனக்கே தெரியல. மக வேற கூப்பிடுறா. இப்படி ஆவேன்னு நான் நினைச்சுக்கூடப் பாக்கல. என்னை மன்னிச்சுருங்க."

செல்லக்கனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இத்தனை வருஷமா குஞ்சு வளக்குறேன் வாத்தியாரே. அடிக்குப் போனதுல ஒண்ணாவது மேல வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சுன்னு நினைக்கிறீங்களா?"