பித்தளை வளையம்

ரைபிள் கிளப்பின் ஆண்டுப் போட்டியில் வெளியாரும் கலந்துகொள்ளலாம் என்று ஆவதற்குப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் ஏழு வருடம் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் கிளப் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தது. பத்துக் குண்டு, நூறு புள்ளி. தொண்ணூறுக்கு ஒன்று குறைந்தாலும் அந்த அணி மறுபடி வாசல் மிதிக்கக் கூடாது.

சங்கத்திடம் இருந்தது ஒரே துப்பாக்கி. ஆகவே அணியும் ஒரே ஆள்தான். ஃபிட்டர் வீரபத்திரன், வயது நாற்பத்தாறு. வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காக ஒன்பது மாதம் சஸ்பெண்டில் கிடந்தவர்.

கற்றுக்கொடுக்க வந்தவள் காணிக்கைமேரி, முப்பத்தொரு வயது. போலீஸ் அணியில் சுட்டுப் பதக்கம் வாங்கியவள். அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகமாட்டேன் என்று சொல்லி வேலையை விட்டவள். வீரபத்திரன் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

அந்தத் துப்பாக்கிக்குப் பீப் சைட். கண்ணருகே சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம், ஐம்பது மீட்டர் தள்ளிக் காகிதத்தில் கருப்பு வட்டம். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்க வேண்டும். முன்வளையத்தைக் கிளப்பில் இரவல் கேட்டார்கள்; தரவில்லை. வீரபத்திரன் மில் லேத்தில் பித்தளையில் தாமே ஒன்று கடைந்து மாட்டிக்கொண்டார். மயிரிழை பிசகாத வளையம்.

வளையம் பிசகவில்லை. குண்டுதான் பிசகியது.

"துளைக்கு நட்டநடுவுலதான் பிடிக்கிறேனுங்க மாஸ்டர். ஷாஃப்டுக்குச் சென்டர் பார்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்துப் பிடிக்கிறேன். அதுக்குள்ள கண்ணு கலங்கிப்போகுது."

காணிக்கைமேரி எழுந்து, பயிற்சித் திடலின் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, கதவுல ஒரு ஓட்டை இருக்குது. அது வழியா பாருங்க. எத்தனை விரல்?"

அவர் குனிந்தார். "மூணுங்க."

"ஓட்டை வட்டமா, கோணலா?"

வீரபத்திரன் நெற்றியைச் சொறிந்தார். இருபத்தைந்து வருட ஃபிட்டர்.

"கவனிக்கலீங்களே."

"கவனிக்காமயே கண்ணு நடுவுல போய் நின்னுதே, யாரு நிறுத்துனா?"

அன்றைக்குப் பிறகு அவர் துளைக்குக் காவல் இருப்பதை விட்டார். ஆனால் இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது.

"வளையம் தெளிவாத் தெரிஞ்சா கருப்பு மங்குது. கருப்பு தெளிஞ்சா வளையம் மங்குது. எதைங்க மாஸ்டர் தெளிவா வெச்சுக்கிறது?"

"நீங்க எதை வெச்சுக்கறீங்க?"

"கருப்பைத்தானுங்க. அடிக்க வேண்டியது அதைத்தானே? எதிரியைத் தெளிவாப் பார்த்தே பழகுன ஆளு நானு."

"சரி" என்றாள் அவள். அடுத்த குண்டை எடுத்துக் கொடுத்தாள்.

போட்டி நாள். கிளப் செயலாளர் தேவராஜன் மற்ற கிளப்காரர்களோடு சுடுமேடைக்குப் பின்னால் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மில்லும் அவருடையதுதான். ஒன்பது மாத சஸ்பெண்டில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

வீரபத்திரன் குப்புறப் படுத்தார். முதல் குண்டு பத்து. அடுத்தது ஒன்பது. அப்புறம் எட்டு, எட்டு.

"ஃபிட்டரே, ஸ்பேனர் ஏதும் வேணுமா?" என்றார் தேவராஜன். நாற்காலிகள் சிரித்தன.

ஏழு. எட்டு.

ஆறு குண்டுக்கு ஐம்பது. மிச்சம் நான்கு குண்டு. நான்கும் பத்தாக வேண்டும். ஒன்று நழுவினாலும் ஏழு வருட மனு குப்பைக்கூடைக்குப் போகும்.

வீரபத்திரன் துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற காணிக்கைமேரியிடம் வந்தார். நேரம் இருந்தது, விதியும் தடுக்கவில்லை.

"கருப்பு, கண்ணாடி மாதிரித் தெளிவாத் தெரியுதுங்க மாஸ்டர். குண்டுதான் போகமாட்டேங்குது."

"கருப்பு மட்டுந்தான் தெரியுதா?"

அவர் கண்ணைத் தரையில் வைத்தார். பின்னால் இருந்த நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை.

"முன்னால இருக்கிற வளையம் எந்தக் கடையில வாங்குனதுங்க அண்ணா?"

"என்னங்க மாஸ்டர், தெரியாத மாதிரிக் கேட்கறீங்க? நான் கடைஞ்சது."

"நல்லாக் கடைஞ்சீங்களா?"

வீரபத்திரன் நிமிர்ந்தார். "இந்த ஜில்லாவுல எவன் வேணா வந்து அளந்து பார்க்கட்டும்."

"அப்போ நீங்களே ஒருதரம் நல்லாப் பாருங்க."

அவர் திரும்பிப் போய்ப் படுத்தார். துளை இருப்பதை மறந்தார். வளையத்தைப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, ஊதி ஊதிப் பார்த்த விளிம்பு அது. இப்போது அது கத்தி முனைபோல் நின்றது. அதற்குள்ளே கருப்பு ஒரு புகைத் துண்டாக வந்து தானாக உட்கார்ந்தது.

பத்து.

பத்து.

ஒன்பதாவது குண்டுக்கு வளையம் சற்று ஆடியது. அவர் சுடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தி, இரண்டு மூச்சு விட்டு, மறுபடி எடுத்தார். பத்து.

தேவராஜன் சத்தமாகச் செருமினார். வீரபத்திரனுக்கு அது கேட்கவில்லை.

பத்து.

"தொண்ணூறு" என்றார் புள்ளி எழுதுகிறவர். நாற்காலிகள் சும்மா இருந்தன.

தேவராஜன் எழுந்து வந்தார். போல்ட் திறந்து கிடந்த துப்பாக்கியின் முனையைக் குனிந்து பார்த்தார்.

"பித்தளையா? என் மில் லேத்துல ஓட்டுனதா?"

"லேத்து உங்களுதுங்க. கை என்னுது."

"கடைசி நாலுல எப்படி ஆடாம பிடிச்சே? நான் பின்னால உட்கார்ந்திருந்தேனே."

"இருந்தீங்களாங்க?" என்றார் வீரபத்திரன். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

தேவராஜன் போய்விட்டார். வீரபத்திரன் தோளில் துப்பாக்கியோடு காணிக்கைமேரி முன்னால் வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது. இருந்தாலும் ஒரு குறை.

"மாஸ்டர், கடைசி நாலு குண்டுக்கும் கருப்பு எனக்குச் சரியாத் தெரியவே இல்லீங்க. இருபது வருசமா எதிரின்னு நெனைச்சதை ஒருதரம் நேருக்கு நேர் பார்த்துடணும்னு இருந்தேன்."

அவள் ஐம்பது மீட்டர் தூரத்தைக் கையால் காட்டினாள்.

"அட்டையில ஒட்டுன காகிதமுங்க அண்ணா. இப்போ நடந்து போய்ப் பாருங்க. நாலு ஓட்டையும் உங்களுது."